தெத்துப்பல்லும் பால்பல்லும்



"தெத்துப்பல் இருந்தா அதிர்ஷ்டம்" என்பார்கள். சொன்ன அதே வாய்தான், "இந்தப் பல்லோட எப்படிம்மா மாப்பிள்ளை பாக்குறது?" என்றும் கேட்கும். இதைக் கேட்டுக் கேட்டே, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. கோணல் பல் சிரிப்பின் அழகைக் கெடுப்பதைவிட, நம் கேலிப் பேச்சுத்தான் அதிகம் கெடுக்கிறது.

தெத்துப்பல் தலையெழுத்து அல்ல. சிலருக்குத் தாடை சிறிது, பல் பெரிது, அது பரம்பரை. இன்னொரு காரணமோ நம் கையில் இருக்கிறது. "விழப்போற பல்லுதானே" என்று பால்பல்லைக் கவனிக்காமல் விடுகிறோமே, அதுதான்! பால்பற்கள் 20-ம், பின்னால் வரும் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவை. கடைவாய்ப் பால்பல் சொத்தையாகிக் காலத்துக்கு முன்பே போய்விட்டால், 6 வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேல் கோரைப்பல் 11, 12 வயதில்தான் வரும். அதற்குள் இடம் போய்விட்டால், வரிசைக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதுவே தெத்துப்பல்.

ஆகவே, குழந்தையின் வாயில் டின் பால் பாட்டிலை வைத்துத் தூங்கவிடாதீர்கள். இரவில் பல் துலக்கிய பிறகே படுக்க வையுங்கள். முன்பல் முளைக்கும் வயதிலும் விரல் சப்பினால், பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். இல்லையேல் மேல்பல் முன்தள்ளும். 7, 8 வயதில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் பதற வேண்டாம். கோரைப்பல் வந்ததும் பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும்.

லேசான கோணலுக்கு வைத்தியமே தேவையில்லை. பற்கள் நெருக்கியடித்து, துலக்க முடியாமல் அழுக்குத் தங்கினாலோ, முன்பல் அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தாலோ அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். கம்பி போடக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்காக, "மலிவா போட்டுத் தர்றேன்" என்று அழகு நிலையத்திலும் வீட்டிலும் கம்பி ஒட்டுகிறவர்களிடம் பிள்ளைகளை விடாதீர்கள். ஈறு புண்ணாகும், நல்ல பல்லும் ஆடிப்போகும். 2017-இல் மலாக்காவில் இப்படிப் போலிக் கம்பி மாட்டிய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது.

பள்ளிக்கு வரும் பல் மிஸ்ஸி இலவசமாகத்தான் பார்க்கிறார். அவர் கொடுக்கும் கடிதத்தை அலமாரியில் செருகி வைக்காதீர்கள். "டவுனுக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போகுமே" என்பது நியாயமான கவலைதான். அதற்கு வழி காண்பது நம் கிளைத் தலைவர்களின் பொறுப்பு. மாதம் ஒரு முறை வேன் ஏற்பாடு செய்து, நாலைந்து பெற்றோர் துணையோடு பிள்ளைகளைக் கூட்டாக அனுப்பலாமே! சம்பளத்துக்கும் வீட்டுக்கும் போராடுகிற சங்கம், நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பதற்கும் கொஞ்சம் மெனக்கெடட்டும்.