புரையேறினால் நினைப்பது யார்?

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறிவிட்டால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவதே நம் வீடுகளில் இன்றும் நடக்கும் வைத்தியம். கழுத்துக்குள் இருப்பதோ முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிழ்ந்து, காற்றுவழி அடைபடுகிறது. பேச்சிலோ அவசரத்திலோ அது ஒரு நொடி தவறினால் பருக்கை வழிமாறுகிறது. இருமல் அதைத் துரத்துகிறது. இதில் நினைக்கிறவருக்கு என்ன வேலை?

தலையில் தட்டினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூல் மில்களுக்கு வந்து பாருங்கள். பஞ்சில் வேலை செய்கிறவர் வாழைப்பழம் தின்றால் நெஞ்சுத் தூசி போய்விடுமாம்! பழம் போவது பின்குழாய், தூசி போவது முன்குழாய். பக்கத்து வீட்டைக் கூட்டினால் நம் வீட்டுக் குப்பை போகுமா?

மூச்சுக்குழாயின் நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். உள்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியில் ஒட்டிய தூசியை ஓயாமல் மேலே தள்ளுகின்றன. அதை நாம் விழுங்கிவிடுகிறோம். பழம் தின்றாலும் தின்னாவிட்டாலும் அப்படித்தான். ஆனால் பஞ்சைப் பிரிக்கும் இடத்திலும், கார்டிங்கிலும் பறக்கும் நுண்தூசி இவற்றைத் தாண்டிக் கிளைக்குழாய்களில் இறங்கி அவற்றை இறுகச் செய்கிறது. (பனியன் பின்னும் இடத்தில் தூசி இவ்வளவு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.)

சணல் சிக்கெடுப்போரின் இருமலை இத்தாலி தேசத்து ரமாசினி 1700-லேயே எழுதினார். 1950-களில் லங்காஷயர் பஞ்சாலைகளைச் சோதித்த டாக்டர் ஷில்லிங், இந்நோயைப் படிகளாகப் பிரித்தார். விடுமுறை கழிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுவது ஆரம்பப் படி. பிறகு வாரம் முழுவதும் இறுகும். முற்றினால் மூச்சு திரும்பாது. நம் நாட்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது.

அப்படியிருக்க, திங்கட்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற தொழிலாளியை மேஸ்திரி சோம்பேறி என்கிறார். வீட்டார் கண்ணேறு கழிக்கிறார்கள். ஜோசியர் ஏழரைச் சனி என்கிறார். சனிக்கு வாரத்தில் திங்கட்கிழமைதானா தோது? தொழிலாளியோ ஒரு பழத்தைத் தின்றுவிட்டு மறுபடியும் மெஷினுக்குப் போகிறார். தூசியை மெஷினிடத்திலேயே உறிஞ்சியெடுக்கும் கருவி எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. பழச் செலவு தொழிலாளியுடையது, கருவிச் செலவு முதலாளியுடையது என்பதால் இந்த மூடநம்பிக்கை யாருக்கு லாபம் என்பது விளங்கவில்லையா? விடுமுறை முடிந்த முதல் நாளில், வேலைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் தொழிலாளியை ஊதச் சொல்லி மூச்சை அளந்து, அந்தக் கணக்கை அவர் கையிலேயே கொடுக்கும்படி ஆலைக்காரர்களைக் கேட்கிறோம்.