இலையுதிர் காலமாம், எந்த ஊர்ல?

போன வருஷம் ஐப்பசி ஆரம்பத்துல எங்க வீட்டு மொட்டைமாடியில பதினோரு செவ்வந்தித் தொட்டி இருந்துச்சு. கார்த்திகை முடியறப்ப மிஞ்சினது ரெண்டே ரெண்டு. கொன்னது நான்தான். "மழைக்காலத்துல தண்ணி ஊத்தாதடா"ன்னு அம்மா சொன்னாங்க. நானோ இணையத்துல "இலையுதிர் காலப் பூந்தோட்டக் குறிப்புகள்" படிச்சுட்டு வந்து அவங்களுக்கே பாடம் எடுத்தேன். அந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு.

மக்களே, நாம செய்யற முதல் தப்பே அந்தப் பேர்லதான் இருக்கு. ஐப்பசி, கார்த்திகைக்கு நம்ம ஆளுங்க வெச்ச பேரு கூதிர். இலை கொட்டுற காலம் இல்ல, மழை கொட்டுற காலம். தமிழ்நாட்டுக்கு வருஷம் பூரா கிடைக்கற மழையில ஏறக்குறைய பாதி அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள பெய்யுது. லண்டன்காரன் குறிப்பை அப்படியே தமிழாக்கினா செடி எப்படிங்க பிழைக்கும்?

"இப்பவே துலிப் கிழங்கு நடுங்க"ன்னு ஒரு யோசனை. துலிப் பூக்கணும்னா மூணு மாசமாவது 10 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும். சென்னையில மார்கழி ராத்திரியே 20 டிகிரி பக்கம். அந்தக் காசுக்கு நாலு சாமந்தி நாத்து வாங்கலாம்.

"பொதுவான விதி எல்லா ஊருக்கும் பொருந்துமே"ன்னு சிலர் வருவாங்க. பொருந்தாதுங்க. "தினமும் தண்ணி, மாசம் ஒரு உரம்"ங்கிறது அடைமழையில விஷம். தொட்டிக்கு அடியில தட்டு வெச்சா தண்ணி தேங்கி வேர் அழுகும். இலை மஞ்சளாகும். நாம அதைப் பசின்னு நினைச்சு யூரியாவை அள்ளிப் போடுவோம். அடுத்த மழை அதையும் கரைச்சுட்டுப் போயிடும். (நான் செஞ்சது அட்சரம் பிசகாம இதுதான் :-( ) செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மண்ணுல விரலை விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா குடத்தைக் கீழ வைங்க.

அடுத்தது விளக்கு. ராத்திரி நீளமானாத்தான் செவ்வந்தி மொட்டு விடும். விடிய விடிய எரியற வராண்டா பல்புக்குக் கீழ தொட்டியை வெச்சுட்டு "நாத்து சரியில்ல"ன்னு நர்சரிக்காரரைத் திட்டறது நியாயமா?

கடைசியா, கத்தரிக்கோல் பயம். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடணும். "ஐயோ பாவம், பச்சையா இருக்கே"ன்னு விட்டா, பங்குனியில வெறும் இலையைத்தான் பறிக்கணும். துலுக்க சாமந்தியும் அப்படித்தான். நட்டு ஒரு மாசத்துல நுனியைக் கிள்ளினாத்தான் பக்கக் கிளை வெடிக்கும், பூவும் நிறைய வரும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்ல. பூ விவசாயம் செய்யற எந்த ஊர்லயும், ஏன், உங்க வீட்டுலயே யாருக்காவது தெரிஞ்சிருக்கும். ஆனா அவங்க சொன்னா அது "பழைய பஞ்சாங்கம்", திரையில வந்தா "அறிவியல்". இந்தத் திமிருதான் மத்த எல்லாத் தப்புக்கும் அம்மா.

இந்த வருஷம் தொட்டிப் பொறுப்பு முழுக்க அம்மாவுக்கு. மழை விட்டதும் மாடிக்கு ஓடி, தேங்கின தண்ணியைக் கவுக்கறது மட்டும் என் வேலை.