கணக்கில் வராத இரவு

2009 பிப்ரவரி 11ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலிலிருந்து ஒரு ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் மெம்ஃபிஸுக்குப் புறப்பட்டது. அதன் ஜம்ப்சீட்டில், அதாவது பணியில் இல்லாத விமானிகள் ஏறிச்செல்லும் கூடுதல் இருக்கையில், 24 வயதுப் பெண் துணை விமானி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஃபெடெக்ஸ் ஊழியர் அல்லர். கோல்கன் ஏர் என்ற சிறு விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெற்றோருடன் வசித்த வீடு சியாட்டில் பக்கம். நிறுவனம் கொடுத்திருந்த பணித்தளமோ நாட்டின் மறுகோடியில், நியூவார்க்கில். மெம்ஃபிஸில் இறங்கிக் காத்திருந்து, விடிவதற்கு முன் இன்னொரு சரக்கு விமானத்தில் இடம் பிடித்து, காலை 6:30க்குச் சற்று முன்பு நியூவார்க் சேர்ந்தார். பயணத்தில் கண்ணயர்ந்ததும், பிறகு பணியாளர் ஓய்வறையில் கிடைத்ததும்தான் அவருடைய தூக்கம். பிற்பகலில் பணிக்கு வந்ததாகப் பதிவு செய்தார். சட்டத்தின் கணக்குப்படி அவருடைய வேலைநாள் அப்போதுதான் தொடங்கியது.

அன்றிரவு அவர் துணை விமானியாக இருந்து பஃபலோ நகருக்குப் போன 3407ஆம் எண் விமானம் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். ருவாண்டா இனப்படுகொலையை உலகுக்கு ஆவணப்படுத்திய அலிசன் டெ ஃபோர்ஜ் அவர்களில் ஒருவர். தலைமை விமானியின் வீடு ஃப்ளோரிடாவில், டாம்பா அருகே. அவர் முந்தைய இரவை அதே ஓய்வறையில் கழித்திருந்தார். அங்கே இரவு தங்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. தங்குவதற்கு வேறு இடம் தருவது நிறுவனத்தின் விதியில் இல்லை.

விபத்தின் நேரடிக் காரணத்தை மறைத்து வாதாடுவது நேர்மையாகாது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது, விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டவேண்டிய தலைமை விமானி தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். பேசக் கூடாத நேரத்தில் ஊர்ப்பேச்சும் நடந்திருந்தது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010 பிப்ரவரியில் இதையெல்லாம் சொல்லித் தீர்ப்பளித்தது. களைப்பு இருவரின் செயல்திறனையும் குறைத்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று அறுதியிட முடியவில்லை என்றும் சொன்னது. வாரியத்தின் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் மட்டும், விபத்துக்குத் துணைபுரிந்த காரணங்களின் பட்டியலில் களைப்பையும் சேர்த்திருக்க வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தார். அவர் பக்கமே நாம் நிற்கிறோம்.

விமானி அறையின் ஒலிப்பதிவில் அந்தப் பெண் விமானி தன் சளியைப் பற்றிப் பேசியது இருக்கிறது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே வந்திருக்க மாட்டேன்; வந்தபிறகு உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொன்னால் சொந்தக் காசில் ஓட்டலில் தங்க வேண்டும் என்கிற பொருளில் பேசுகிறார். அவருடைய ஆண்டு வருமானம் எவ்வளவு என்பதில் விசாரணையில் ஒரு தொகையும் பிறகு நிறுவனத் தரப்பில் வேறொரு தொகையும் சொல்லப்பட்டன. எந்தத் தொகையும் 25,000 டாலரைத் தொடவில்லை. நியூயார்க் வட்டாரத்தில் அந்தச் சம்பளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்க முடியாது. சளியோடு பறப்பதா, ஓட்டல் வாடகை கட்டுவதா என்று ஒரு விமானியைக் கணக்குப் போட வைத்தது யார்? அந்தக் கேள்விக்கு விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் ஏதோ விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். நியூவார்க்கைத் தளமாகக் கொண்ட கோல்கன் விமானிகள் 137 பேரில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. அவர்களில் 29 பேரின் வீடு 1,000 மைலுக்கு அப்பால். அமெரிக்க விமானத் துறை முழுவதிலும் இது ஊறிப்போன வழக்கம். பணிமூப்பு குறைந்தவர்களுக்குச் செலவு மிகுந்த ஊர்களே தளமாகக் கிடைக்கும். தளங்கள் மூடப்படும், மாற்றப்படும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஆகவே பிள்ளைகளின் பள்ளி ஓர் ஊரில், அப்பாவின் வேலை வேறோர் ஊரில். இடையில் உள்ள தூரத்தைக் கடக்க மற்ற நிறுவனங்களின் ஜம்ப்சீட். நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் ஒரே வீட்டை விமானிகளும் பணிப்பெண்களும் பங்குபோட்டு, அடுக்குக் கட்டில்களில் முறைவைத்துப் படுக்கிறார்கள். அந்த வட்டாரத்துக்கே குரூ கார்டன்ஸ் என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

ஜம்ப்சீட்டின் மீது நமக்குக் கோபமில்லை. அது அழகான வழக்கம். இடம் கேட்டு வரும் விமானி முதலில் விமானி அறை வாசலில் நின்று தலைமை விமானியிடம் அனுமதி கேட்க வேண்டும். ஏற்றுவதா வேண்டாமா என்பதில் அவர் சொல்வதே முடிவு. போட்டி நிறுவனங்களுக்கு இடையிலும் நடக்கும் இந்த உபகாரம் உயிர்களையும் காப்பாற்றியிருக்கிறது. 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸ் தானாக மூக்கைத் தாழ்த்தித் தடுமாறியபோது, விமானி அறையில் கூடுதலாக இருந்த ஒரு விமானியும் சேர்ந்துதான் சிக்கலைத் தீர்க்க உதவினார். மறுநாள் காலை அதே விமானம், அப்படியொருவர் இல்லாமல், கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். எனவே இருக்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. சக விமானியின் உபகாரத்தைத் தங்கள் சம்பளச் சிக்கனத்துக்கு முட்டுக்கொடுக்கும் தூணாக்கிக்கொண்ட நிறுவனங்களே கூண்டில் ஏற வேண்டியவை.

வீடு எங்கே என்பது விமானியின் சொந்த விஷயம் என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அதில் பாதி உண்மை. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய செஸ்லி சல்லன்பெர்கர் கலிஃபோர்னியாவில் வசித்தார்; அவருடைய தளம் நாட்டின் மறுபுறம், சார்லட் நகரில். மூத்த தலைமை விமானிகள் பலர் விரும்பியே தொலைவில் வசிக்கிறார்கள். அவர்கள் முந்தைய நாளே வந்து நல்ல ஓட்டலில் உறங்க முடியும். வந்துபோவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் தங்கள் சுதந்திரம் போய்விடும் என்று விமானிகளே அஞ்சுவதும் இதனால்தான். ஆனால் அந்தச் சல்லன்பெர்கர்தான், ஆற்றில் இறங்கிய சில வாரங்களில், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் சொன்னார். நாடே கொண்டாடிய விமானிக்கே அந்த நிலை என்றால், பணிமூப்புப் பட்டியலின் அடியில் இருப்பவருக்கு எது விருப்பம், எது வேறு வழியின்மை?

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்கு அலையாய் அலைந்து 2010 ஆகஸ்டில் ஒரு சட்டத்தை வாங்கினார்கள். துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்பது அதில் வந்த பெரிய மாற்றம். அந்தக் குடும்பங்களுக்கு உலகப் பயணிகள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். வந்துபோகும் களைப்பைப் பற்றி ஆராயவும் அதே சட்டம் சொன்னது. 2011இல் அறிவியல் அகாதெமியின் குழு அறிக்கை தந்தது: தரவு போதாது, இப்போதைக்குத் தனி விதி வேண்டாம். தரவு ஏன் இல்லை? யாரும் சேகரிக்காததால்தான். கணக்கில் எழுதப்படாத பயணத்துக்கு எங்கிருந்து தரவு வரும்?

2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடப்புக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. நல்ல விதி. ஆனால் நிறுவனம் தன் தேவைக்கு விமானியை ஓர் ஊருக்கு ஏற்றி அனுப்பினால், அவர் பயணியாக உட்கார்ந்திருந்தாலும் அது பணி நேரம். அதே விமானி அதே இருக்கையில் வீட்டிலிருந்து தளத்துக்கு வந்தால் அந்த நேரம் ஓய்வுக் கணக்கில் போகிறது. உடம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது. பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் விமானி கையெழுத்திடுகிறார். பொறுப்பு முழுவதும் அந்தக் கையெழுத்தின் மேல் ஏறிக்கொள்கிறது.

களைத்த விமானி தானாக விலகிக்கொள்ளும் கடமையை நாம் மறுக்கவில்லை. தன் பின்னால் 50 உயிர் உட்கார்ந்திருக்கும்போது ஓட்டல் வாடகை ஒரு சாக்காகாது. ஆனால் கடமையைச் செய்தால் தண்டம் கட்டவேண்டிய ஏற்பாட்டை உருவாக்கியவரின் குற்றம் அதைவிடப் பெரிது. தளத்தை முடிவுசெய்வது நிறுவனம், சம்பளத்தை முடிவுசெய்வது நிறுவனம், பணிப்பட்டியலைப் போடுவதும் நிறுவனம். இம்மூன்றும் சேர்ந்து விளைவித்த இரவுப் பயணம் மட்டும் விமானியின் சொந்த விஷயமாம். இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. தொலைவிலிருந்து வருகிறவருக்கு முதல் பணிக்கு முந்தைய இரவு படுக்கை கொடுக்க வேண்டும். தளத்தில் நோயுற்றால் தங்கும் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். கடைசியாக எப்போது, எங்கே தூங்கினார் என்பது பதிவாக வேண்டும், தண்டிப்பதற்காக இல்லாமல். ஒரு விமானத்தின் எரிபொருள் செலவோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டல் செலவு பேசுவதற்கே தகுதியற்றது.

2022 முதல் சிறு நிறுவனங்களில் துணை விமானிகளின் சம்பளம் கணிசமாக உயர்ந்துவிட்டது. ஆள் தட்டுப்பாட்டில் வந்த உயர்வு அது. தட்டுப்பாடு நீங்கினால் தங்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. விதிப்புத்தகத்தில் அந்த இரவு இன்னும் எழுதப்படவில்லை. இன்னொன்றும் எழுதப்படவில்லை. 2014 விதிகள் பயணிகள் விமானங்களுக்கு மட்டுமே கட்டாயம். செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமானங்களுக்கு விலக்கு அளித்தார்கள். சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக நியூவார்க் வரை அந்தப் பெண்ணை இரவெல்லாம் விழித்து ஏற்றிவந்தவர்களைப் போன்ற சரக்கு விமானிகள், இன்றும் அந்த விதிக்கு வெளியேதான் பறந்துகொண்டிருக்கிறார்கள்.