கோள்கள் பிறந்த இடத்திலேயே இருப்பதில்லை

வகுப்பறைச் சுவரில் தொங்கும் சூரியக் குடும்பப் படத்தின் மேல் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அளவு தப்பு, தூரம் தப்பு என்பதையெல்லாம் மன்னித்துவிடலாம். ஒரு சார்ட்டுக்குள் அது அடங்காது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியனான என்னை உறுத்துவது வேறு. புதன் முதல் நெப்டியூன் வரை எல்லாக் கோள்களும் ஆதியிலிருந்தே அந்தந்த வளையத்தில் குடியிருப்பதாக அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது.

இந்த நினைப்பு பெரிய வானியலாளர்களையே கட்டிப்போட்டது. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். மற்ற விண்மீன்களின் பெருங்கோள்களும் அப்படித்தான் இருக்கும், அவற்றைக் கண்டறியப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். விண்மீனை ஒட்டியே சில நாளில் சுற்றும் பெருங்கோள் இருக்கக் கூடாதா, தேடிப் பார்க்கலாமே என்று வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952லேயே எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1995இல் மிஷேல் மயோரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனின் கோளை அறிவித்தார்கள். வியாழனில் பாதி நிறை. அதன் ஓராண்டு நமக்கு 4.2 நாள்! அமெரிக்காவில் போட்டிக் குழுவிடம் பல ஆண்டு அளவீடுகள் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. அவசரமாகத் தோண்டினார்கள், 117 நாளில் சுற்றும் கோள் ஒன்று அதிலேயே அகப்பட்டது.

விண்மீனுக்கு அவ்வளவு அருகில் பெருங்கோள் உருவாகப் போதிய பொருள் கிடையாது, பனியும் உறையாது. தொலைவில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் முடிவு. எப்படி வரும்? இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வட்டில் நூற்றுக்கு 99 பங்கு வாயு, தூசு ஒரு பங்குதான். தூசு திரண்டு கோளானதும் அதன் ஈர்ப்பு வாயுவில் சுருள் அலைகளை எழுப்பும். உட்புற அலை கோளை முன்னே இழுக்கும், வெளிப்புற அலை பின்னே இழுக்கும். தேருக்கு இருபுறமும் வடம் பிடித்த கதைதான். பெரும்பாலும் பின்னிழுப்பே வெல்லும். கோள் கோண உந்தத்தை இழந்து உள்ளே சரியும். பீட்டர் கோல்ட்ரைக்கும் ஸ்காட் ட்ரெமெய்னும் 1980லேயே கணக்குப் போட்டு, வியாழனின் பாதை சில ஆயிரம் ஆண்டுகளிலேயே கணிசமாக மாறியிருக்கும் என்று எழுதினார்கள். உள்ளேயா வெளியேயா என்பதை மட்டும் அவர்களால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

கோளும் வட்டும் ஒன்றையொன்று பாதிப்பது இன்று வெறும் கணக்கல்ல. சிலியின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள ஆல்மா தொலைநோக்கி 2014இல் எச்எல் டௌரி என்ற இளம் விண்மீனின் வட்டைப் படம் பிடித்தது. அதில் வரிசையாக இருண்ட இடைவெளிகள்; கோள்கள் உண்டாக்கியவை என்று பலர் கருதுகிறார்கள். பிடிஎஸ் 70 என்ற விண்மீனின் வட்டில், இடைவெளிக்குள் இருக்கும் கோளையே 2018இல் பார்த்துவிட்டார்கள்.

நம் வியாழனும் செவ்வாயின் இன்றைய பாதை வரை உள்ளே வந்து, சனியோடு சேர்ந்து திரும்பியது என்று 2011இல் ஒரு மாதிரி முன்வைக்கப்பட்டது. செவ்வாய் ஏன் சிறியது என்பதற்கு அது விடை தருகிறது. ஆனால் அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பாடமாக அல்ல, கேள்வியாகவே அதை வகுப்பில் வைக்கலாம்.

சார்ட்டைக் கழற்ற வேண்டாம். பக்கத்தில் எச்எல் டௌரி படத்தையும் ஒட்டுங்கள், ஆசிரியர்களே. இரண்டையும் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.