துபாஷிக்கும் தொடர்கல்வி வேண்டும்

புதுச்சேரியையும் துபாஷியையும் பிரித்துப் பேசுதல் அரிது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பைத் தமிழ் மாணவர்கள் உரைநடை வளர்ச்சியின் ஒரு படிநிலையாகவே பெரிதும் பயில்கின்றனர். அதனை எழுதியவர் தொழிலால் துபாஷி. ஆளுநர் டூப்ளேயின் வாயும் செவியுமாக விளங்கியவர். இரு மொழி அறிந்தவன் என்பதே துபாஷி என்னும் சொல்லின் பொருள். இரு மொழி அறிந்தால் மட்டும் போதுமா என்பதே நாம் ஈண்டு எழுப்ப விழையும் வினா.

ஆனந்தரங்கரின் குடும்பத்திலேயே இதற்கொரு விடை கிடைக்கின்றது. அவர் தந்தையாருக்கு மைத்துனர் முறையினரான நயினியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமை வணிகத் தரகராய் இருந்தவர். 1716 ஆம் ஆண்டு ஆளுநர் எபேரின் ஆணையால் அவர் சிறைப்பட்டார். அவர் அறிந்தவை தமிழும், அந்நாளில் கடற்கரை வணிகத்தின் பொதுமொழியாய் விளங்கிய போர்த்துகீசியமும். வழக்கோ பிரெஞ்சு மொழியில் நடந்தது. இடைநின்று மொழிபெயர்த்தவர் மனுவேல் என்பவர். அவர் ஏசு சபைப் பாதிரிமாரின் உபதேசியாருடைய மகன். அப்பாதிரிமாரோ நயினியப்பருக்கு வெளிப்படையான பகைவர். தமக்கு விளங்காத பிரெஞ்சுத் தாள்களில் கையொப்பம் இடுவிக்கப்பட்டதாகச் சாட்சிகள் பின்னர்க் கூறினர். கசையடியும் சிறையும் சொத்துப் பறிமுதலும் தண்டனைகளாயின. 1717 இல் அவர் சிறையிலேயே மாண்டார். பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர் மகன் குருவப்பர் பிரான்சு சென்று செவாலியே பட்டமும் பெற்றார். மாண்டவருக்கு அதனால் என்ன பயன்?

மனுவேலுக்கு மொழியறிவு இல்லை என்று எவரும் சொல்லவியலாது. அவரிடம் இல்லாதது நடுநிலை. அந்நடுநிலையை வற்புறுத்தும் தொழில்நெறி ஒன்று அக்காலத்தில் வகுக்கப்படவும் இல்லை.

இச்சிக்கலை இஸ்லாமிய அறிஞர்கள் மிக முன்னரே ஆய்ந்துள்ளனர் என்பது நம் மாணவர்கள் அறியத்தக்கது. பெருமானார் (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர்கள் அரைத் திங்களுக்குள் அதனைக் கற்றுத் தேர்ந்ததும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளன. மடல்களைப் பிறர் படித்துக் காட்டுவதில் நம்பிக்கை இல்லாமையே அப்பணிப்பிற்குக் காரணம். இமாம் புகாரி தம் தொகுப்பில், ஆட்சியாளர்க்கும் நீதிபதிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதுமா என்னும் வினாவையே ஒரு பாடத்தின் தலைப்பாக அமைத்தார்கள். ஒருவர் போதும் என்றார்கள் இமாம் அபூஹனீபா. சாட்சியைப் போல இருவர் வேண்டும் என்றார்கள் இமாம் ஷாபிஈ. எம் விருப்பம் எதுவென நயினியப்பர் வழக்கைப் படித்தோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இன்றைய நிலையை நோக்குவோம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 317 ஆம் பிரிவு, மொழிபெயர்ப்பாளர் உண்மையாக மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர் என்கின்றது. கடமை கூறும் அப்பிரிவு தகுதி கூறவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் சற்று மேலே செல்கின்றன. மொழிபெயர்ப்பாளர் பட்டியலொன்றை மாவட்டந்தோறும் பேண வேண்டும் என்கின்றன; தகுதியும் கூறுகின்றன. அத்தகுதி யாது? குழந்தையின் மொழி அவருக்குத் தாய்மொழியாகவோ, தொடக்கப்பள்ளி அளவிலேனும் பயிற்று மொழியாகவோ இருத்தல். அன்றித் தொழிலாலோ அம்மொழி வழங்கும் பகுதியில் வாழ்ந்ததாலோ அதனை அறிந்திருத்தல். ஒடிசாவிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பத்தின் சிறுமி நீதிமன்றத்தில் நடுங்கி உரைக்கும் சொற்களை, இத்தகுதி மட்டுமே உடைய ஒருவரிடம் ஒப்படைக்கின்றோம்! அவள் நாணி மறைத்துச் சொன்னதை அவர் நயம்படத் திருத்திச் சொன்னால் குற்றவாளி தப்புவான். கூட்டிச் சொன்னால் குற்றமற்றவன் சிக்குவான்.

ஒருமுறை பெற்ற அறிவும் நிலைத்து நில்லாது. 2024 ஜூலை முதல் நாள் வரை 302 என்றால் கொலை என்பது பாமரரும் அறிந்தது. புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்குரிய தண்டனை 103 ஆம் பிரிவில் உள்ளது. 302 ஆம் பிரிவோ பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் சொல்லைப் பற்றியது. இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் பழைய ஏட்டையே படிப்பவராவார்.

இதற்கெனவே பிற நாடுகள் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியுள்ளன. தமிழுக்கும் சான்றளிக்கும் ஆஸ்திரேலியாவின் நாட்டி நிறுவனம் மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கச் செய்கின்றது. செய்த பணிக்கும் பெற்ற பயிற்சிக்கும் ஆதாரம் கேட்கின்றது. பிரான்சின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தம் பட்டியலில் மொழிபெயர்ப்பாளரை முதற்கண் மூன்றாண்டுக்கே சேர்க்கின்றன. பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபதிவு. பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைக் கையில் ஏந்தித் தம் குடியுரிமையை நிறுவ அலையும் குடும்பங்கள் வாழும் நம் நகரத்திற்கு இச்செய்தி அயலானதன்று.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. சைகைமொழி பெயர்ப்பில் பட்டயம் பெற்றோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொள்கின்றனர். அப்பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் ஈட்ட வேண்டும். கைகளால் மொழிபெயர்ப்பவரிடம் கேட்கும் கணக்கை, நாவால் மொழிபெயர்ப்பவரிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை என்பது எமக்கு விளங்கவில்லை.

புள்ளி என்றவுடன் சிலர் நகைப்பர். அந்நகைப்பில் நியாயமும் உண்டு. பதவி உயர்வின்பொருட்டுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நாம் செல்லும் புத்தொளிப் பயிற்சிகளில், தேநீர் இடைவேளையிலேயே மிகுந்த ஊக்கம் காணப்படுதல் யாவரும் அறிந்ததே. வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டதற்கே புள்ளி எனில் அது வீண். பொய்வழக்கு மன்றம் ஒன்றை அமைத்து, வழக்குரைஞர் வினவ, சாட்சி உரைக்க, அவரை மொழிபெயர்க்கச் செய்து, ஒலிப்பதிவைக் கேட்டுப் பிழை காட்டிய பின்னரே புள்ளி தரல் வேண்டும். விட்டது எது, சேர்த்தது எது, தம் கருத்தாய்ச் செருகியது எது என்று அவர் தம் காதாலேயே கேட்க வேண்டும்.

இப்பயிற்சியை நடத்தத் தமிழ்த்துறைகளினும் தகுதியான இடம் வேறுண்டோ? தமிழுடன் மலையாளமும் தெலுங்கும் பிரெஞ்சும் வழங்கும் ஆட்சிப்பகுதி இது. சட்டக் கல்லூரியும் ஜிப்மர் மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. ஆண்டுக்கு இருமுறை, விடுமுறை நாளில், இருநாள் அமர்வு என்று தொடங்கலாம். ஆயின் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் பலர் நாட்கூலி பெறுவோர். பயிற்சிக்கு வரும் நாளில் அவர் இழக்கும் வருவாயை அரசோ நீதித்துறையோ ஈடுசெய்ய முன்வர வேண்டும். அதற்கு வழிகாணாது புள்ளியை மட்டும் கட்டாயமாக்கின், வசதியுள்ளோர் சிலரே பட்டியலில் எஞ்சுவர். ஒடியா பேசும் அச்சிறுமிக்கு உதவ வல்லவர் பட்டியலிலிருந்தே நீங்கிவிடுவார்.