குப்பைமேட்டின் உரிமமும் குடிமக்களின் உரிமையும்

ஓர் ஊரின் குப்பைமேட்டிற்குரிய உரிமம் மாற்றப்படுமாயின், அதை முதற்கண் அறியவேண்டியவர் யார்? அந் நாற்றத்தை மூச்சாய் இழுப்பவர். அதன் கழிவுச்சாறு இறங்கிய கிணற்றில் நீர் முகப்பவர். அவர்க்குத் தெரியாத மொழியில் அறிவிப்பது, அறிவிக்காமைக்கே ஒப்பாகும்!

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நகரக் குப்பைக்கான பொது அமைப்புகளையும் தன்னுள் அடக்கியது. புதிதாய் அமைக்கவும், இருப்பதை விரிவாக்கவும் முன்னிசைவு வேண்டும். விரிவாக்கமாயின், மக்கள் கருத்தைக் கேட்பதா வேண்டாவா என்பதை மதிப்பீட்டுக் குழுவே முடிவு செய்யும். கேட்பதாயின் 30 நாள் முன்னறிவிப்பும், அறிக்கையின் சுருக்கம் மாநில ஆட்சிமொழியிலோ வட்டார மொழியிலோ இருத்தலும் கட்டாயம். ஆம், சுருக்கம் மட்டுமே! நிலத்தடி நீர் என்னாகும் என்று விரித்துரைக்கும் முழு அறிக்கைக்கு அக் கட்டாயம் இல்லை.

இந்தச் சிற்றுரிமையையும் குறைக்க 2020-இல் ஒரு வரைவு வந்தது. அது 30 நாளை 20 ஆக்க முனைந்தது. அவ் வரைவும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்நயமன்றம் அவ்வாண்டு சூன் 30-ஆம் நாள் ஆணையிட்டது. நடுவணரசோ, அவ் வாணையை எதிர்த்து உச்சநயமன்றத்தின் படியேறியது! பெயர்த்தெழுதுவதினும் வழக்காடுவது அதற்கு எளிதாய்ப் பட்டது போலும்!

தமிழ் மக்களே! உங்கள் ஊர்க் குப்பைமேட்டைப் பற்றிய அறிவிப்பு வருமாயின், முழு அறிக்கையையும் தமிழில் கேளுங்கள். கூட்டத்தில் தமிழில் பேசுங்கள். எழுத்திலும் தமிழிலேயே கருத்துரையுங்கள். மொழியுரிமை ஏட்டளவில் நிற்பதன்று. நாம் குடிக்கும் நீரையும் அதுவே காக்கும்!