ஊதியமும் இல்லறமும்

பெண்டிர் பொருளீட்டப் புகின் விவாகபந்தம் தளருமென்று கூறுவார் பலர். ஜவளகிரி முதலிய காட்டுப்புறச் சிற்றூர்களைத் தன்பால் கொண்ட கிருஷ்ணகிரி ஜில்லாவில், டாட்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல்லாயிரம் மகளிர் உழைக்கும் இந்நாளில், இக்கூற்றை நாம் ஆராய்தல் தகும்.

1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம் மணமுறிவுக்கு வழி வகுத்தது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இருவர் சம்மதத்தாலும் பிரிய இடந்தந்தது. 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமோ, பெண் தன் முயற்சியால் தேடிய பொருளை அவளுக்கே முழு உரிமையாக்கிற்று. ஆயினும், கையில் காசில்லாதவள் நியாயஸ்தலத்தின் வாயிலை எங்ஙனம் அடைவாள்? போக்கிடமின்றி அவள் பொறுத்திருந்ததை இல்லறத்தின் உறுதியென்று நாம் எண்ணியது பிழையன்றோ? ஊதியத்தால் பிரிவுகள் சில மிகுதல் கூடும். அவற்றின் காரணமோ பெரும்பாலும் முன்னரே அவ்வீட்டில் இருந்ததாகும்.

எனினும் ஒரு குறை மெய்யே. பகலெல்லாம் ஆலையில் உழைத்தவள், வீடு திரும்பி அடுப்பையும் குழந்தையையும் தனியே தாங்கின் மனக்கசப்பு விளையும். அதற்கு மருந்து அவளை வேலையினின்று நிறுத்துவதன்று; கணவனும் வீட்டுவேலையிற் பங்கு கொள்ளுதலே. ஆதலின், இளைஞர்காள்! மணமகளின் சம்பளத்தை விசாரிக்குமுன், உங்கள் கைகள் எவ்வேலைக்குப் பழகியுள்ளன என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.